உப்புப் போடாத கத்தரிக்காய்

6-12-1970, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பின்னால் இந்த நோட்டைப் படிக்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் வயலில் உப்பு போட ஆரம்பித்த வருஷம் அது. உப்பு என்றால் குழம்புக்குப் போடுவது அல்ல. மூட்டையில் வருகிற வெள்ளை உரம். இங்கிலீஷில் யூரியா, எங்கள் பக்கத்தில் உப்பு. பழமலை டீக்கடையில் முப்பது பேர் முன்னால் நின்று சொன்னேன்: "இன்னிக்கு உப்பு உப்புன்னு ஓடுறீங்க. அஞ்சு வருஷம் போவட்டும். எருப் போட்ட காய்க்கு வரிசைல நிப்பீங்க, பாரு."

முப்பது பேர் இருக்காது. அந்தக் கடை பெஞ்சு நாலு பேருக்கு மேல் தாங்காது. ஆனால் சொன்னேன்.

இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள். நிற்கிற இடம்தான் சரியில்லை. என் சகலை நடராசனின் மளிகைக் கடை வாசல்.

நடராசன் என் மனைவி கமலத்தின் தங்கை ஆதிலட்சுமியைக் கட்டியவன். நான் மூத்த மாப்பிள்ளை, அவன் சின்ன மாப்பிள்ளை. நான் பீங்கான் பேக்டரியில் சூப்ரவைசர் மாதிரி. எட்டாவது பாஸ். இங்கிலீஷும் படிப்பேன். ஊரில் என்னை பேக்டரி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஜங்ஷன் ரோட்டில் பருப்பும் புளியும் நிறுக்கிறவன். இத்தனை வருஷத்தில் அவனை நினைத்து நான் ஒரு கவளம் சோறு குறைத்துச் சாப்பிட்டது கிடையாது.

இப்போது கடை வாசலில் நாலு கூடை காய் வைத்திருக்கிறான். மேலே ஒரு சிலேட்டு. "உப்புப் போடாத நாட்டுக் காய்." எழுதினது அவன் மகள் வாசுகி. பத்தாவது படிக்கிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. என் கை அவளுக்கு வந்திருக்கிறது. ரத்த சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் பெரியப்பா பெரியப்பாதானே.

காய் கொண்டுவருகிறவள் வீரம்மாள். மங்கலம்பேட்டை ரோட்டில் கால் காணி தோட்டம். புருஷன் இல்லை, ஒரு பசுமாடு இருக்கிறது. மாட்டு எருவும் அடுப்புச் சாம்பலும்தான் போடுகிறாளாம். கமலம் ஒரு முந்தானை கத்தரிக்காய் வாங்கிவந்து காரக்குழம்பு வைத்தாள்.

ஒன்றும் பிரமாதம் இல்லை. மூன்று தடவை சோறு வாங்கினேன். பசி.

9-12-1970, புதன்

இன்றும் கத்தரிக்காய். இன்றும் பசி.

13-12-1970, ஞாயிறு

சும்மா அந்தப் பக்கம் போனேன். வேண்டுமென்று போகவில்லை. ஜங்ஷன் ரோட்டில் எனக்கு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை.

கூடையில் கத்தரிக்காய் காம்போடு, காம்பில் முள்ளோடு கிடக்கிறது. பனி இன்னும் காயவில்லை. கையில் எடுத்தால் பிஞ்சுக் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் பச்சை மொச்சை, உரிக்க உரிக்க ஒரு வாசனை. அவரையில் செவ்வரி ஓடுகிறது. முள்ளங்கி மண்ணோடு. அந்த மண்ணைத் தட்டாமல் வைத்திருக்கிறான் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். அவன் சாமர்த்தியம் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் பேக்டரி மானேஜர் வீட்டு அம்மாவே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். எனக்கு ஒரு தலையாட்டல்கூட இல்லை. "நடராசன், இன்னிக்கு அவரை வந்துதா?" என்று கேட்டாள். பேரைச் சொல்லி!

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டாள். "உப்புப் போடாததுன்னா, நாம போட்டுக்கணுமா?"

நடராசன் சிரித்தான். நான் விடவில்லை, முன்னால் போய் விளக்கினேன். நெய்வேலிக்கு வந்த ஜெர்மன் இஞ்சினியர் ஒருவருக்கு நான் இதே மாதிரி எருக் கத்தரிக்காய் சுட்டுக் கொடுத்ததையும், அவர் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்ததையும் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கைகுலுக்கினார் என்று நிறுத்தியிருக்கலாம். முத்தம் கொஞ்சம் அதிகம்.

"அண்ணனுக்குத் தெரியாத விசயமா?" என்றான் நடராசன். கிண்டலா, நிஜமா? அவன் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

20-12-1970, ஞாயிறு

கமலம் மொச்சை உரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தத் தம்பி தொட்டதெல்லாம் வெளங்குது. நீங்களும் இருக்கீங்களே, கப்பு சாசருக்கு வைக்கோல் சுத்திக்கிட்டு."

"நான் சூப்ரவைசர்டி."

"வைக்கோலுக்கா?"

பீங்கான் சாமானைப் பெட்டியில் அடுக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. என் கை பட்ட பெட்டி டில்லி போய் இறங்கினாலும் ஒரு கப்பின் காது உடைந்திருக்காது. அதை யார் எழுதி சிலேட்டில் மாட்டுகிறார்கள்?

எனக்குப் பொறாமை இல்லை. எதற்குப் பொறாமை?

16-1-1971, சனி, காணும் பொங்கல்

கம்மாபுரம் போய் வந்தோம். இதை எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாமனார் கோவிந்தசாமி வீட்டில் காணும் பொங்கலுக்குப் பந்தி போட்டால் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. பதினேழு வருஷமாக அது என் இலை. கூடத்தில் சாமி படத்துக்கு நேர் கீழே. மாமனாரே குனிந்து தண்ணீர் தெளிப்பார். "மாப்ள, ஆரம்பிங்க" என்பார். நான் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள். எனக்கு ஊரில் வேறு எங்கே முதல் இலை?

இந்தத் தடவை நடராசன் பஸ்ஸில் இரண்டு கூடை காய் ஏற்றிக்கொண்டு வந்தான். அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, அந்தக் கத்தரிக்காய். சமையல் முழுக்க அதுதான். இலை போட்டார்கள். நான் என் இடத்துக்கு நடந்தேன். மாமனார் என் தோளைத் தொட்டார்.

"பெரிய மாப்ள, இன்னிக்கு ஒரு நாளு நீங்க இப்படி ரெண்டாவதுல உக்காருங்க. இன்னிக்கு எல்லாமே சின்ன மாப்ள கொண்ணாந்த காயி. அவரு கை வெக்கட்டும்."

நடராசன், "ஐயய்ய, வேணாம் மாமா, அண்ணன் இருக்கும்போது..." என்றான். என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

மொச்சை அவரைக் கூட்டில் தேங்காய் அரைத்து விட்டிருந்தார்கள். கத்தரிக்காய் விதையே இல்லாமல் வெண்ணெய் மாதிரி. பரங்கியில் வெல்லம் போடாமலே இனிப்பு. எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நான்கு தடவை வாங்கினேன். நான்கு தடவையும் இறங்கவில்லை.

18-1-1971, திங்கள்

ஒரு நாளு! ஒரு நாளுன்னாரே! அப்பறம் அடுத்த வருசமும் அவன் காய் கொண்ணாருவான் இல்ல? அதுக்கும் அடுத்த வருசமும்? அப்ப நான் யாரு? எலை எடுக்குறவனா?

20-1-1971, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடையில் ஏழெட்டுப் பேர். வீரம்மாள் அப்போதுதான் சாக்கிலிருந்து காயைக் கூடையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்கைக் கீழே போட்டாள். சாக்கின் மேல் நீல மையில் பெரிசாக இங்கிலீஷ் எழுத்து. வாய்த் தையலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

நான் நின்றேன்.

"நடராசா, இது என்னா சாக்கு?"

"காய் வர்ற சாக்குண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? அதுல என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சியா?"

"எனக்கு எங்கண்ணே இங்கிலீஷ்?"

குனிந்து, விரலை எழுத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் படித்தேன். "யூ... ரி... யா."

வீரம்மாள் குனிந்து சாக்கைப் புரட்டிப் பார்த்தாள். "எங்க வூட்ல உப்பு மூட்டையே கெடையாது சாரு. இது இங்கேருந்து எடுத்துக்கினு போன சாக்குதான்" என்றாள்.

"அப்ப இது என்னாம்மா, வெள்ளையா?"

தையலில் விரலைத் தேய்த்து எடுத்தேன். எல்லோருக்கும் காட்டினேன். காட்டிவிட்டு, நாக்கில் வைத்தேன். கரித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குக் கரித்தது. ரோட்டில் துப்பினேன்.

"உப்புதான்" என்றேன்.

மானேஜர் வீட்டு அம்மா கையில் எடுத்த அவரையைக் கூடையில் போட்டுவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினாள். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். முதல் தடவை.

31-1-1971, ஞாயிறு

சிலேட்டைக் கழற்றிவிட்டான். கூடைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. டீக்கடையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறார்கள். பழமலை கேட்டான், "சாரு, எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது சாக்கு மூன்றாகிவிட்டது. வீரம்மாள் ராத்திரியில் உப்பு தூவுவதை மங்கலம்பேட்டை ஆள் ஒருவன் பார்த்ததாகவும் வந்துவிட்டது. அது நான் சொன்னதா, அவர்கள் சேர்த்ததா?

வீட்டில் இப்போது மார்க்கெட் கத்தரிக்காய். பளபளவென்று இருக்கிறது, ஒரு பூச்சி இல்லை, ஒரு ருசியும் இல்லை. ஈர வைக்கோலைக் கொதிக்க வைத்த மாதிரி. எனக்கு வைக்கோல் தெரியும்.

ஒரு தடவைதான் சோறு வாங்கினேன்.

7-2-1971, ஞாயிறு

வீரம்மாள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாலு வாக்கியம் தயார் செய்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. வாசலிலேயே நின்றாள். கையெல்லாம் கீறல்.

"ரெண்டு பாத்தி கத்தரிய புடுங்கிட்டேன் சாரு. பூவும் பிஞ்சுமா நின்னுச்சு."

"ஏம்மா?"

"அந்தச் சாக்குலதான எருவும் அள்ளி அள்ளிப் போட்டேன்? உப்பு எறங்கியிருக்குமே. நீங்க படிச்சவங்க, நாக்குல வெச்சுப் பாத்துச் சொன்னீங்க. மாட்டுக்கும் அந்தச் செடியப் போடல. ஏரிக்கரைல கொண்டு போய்க் கொட்டிட்டேன்."

இந்த ஜென்மத்தில் நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நம்பின ஆள் யாரும் இல்லை. கமலம்கூடப் பாதிதான் நம்புவாள். இவள் முழுக்க நம்பியிருக்கிறாள். தன் கையை நம்பவில்லை, என் நாக்கை நம்பியிருக்கிறாள்.

அவள் வந்த காரியம் வேறு. "என் கையால ஒரு பிடி உப்பு போட்டதில்ல. அப்ப யாரோ ஆவாதவங்க சாக்குல கொட்டியிருக்காங்க. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போறேன். எனக்கு எழுத வராது. நீங்க எழுதிக் குடுங்க சாரு."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். எங்கள் ஊரில் போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு. இதற்குப் பயப்படாதவன் கிடையாது.

எழுதினேன். வேறு என்ன செய்ய? ஆறாவதில் வாத்தியார் என் கையெழுத்தைப் பாராட்டியிருக்கிறார். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "யாரோ என் காயில் உப்பு என்று பேர் வரும்படி செய்துவிட்டார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீயே கேட்க வேண்டும்."

எழுதி மடிக்கப் போனேன். "இருங்க சாரு, சாட்சி போடுங்க" என்றாள்.

"சாட்சியா?"

"நாக்குல வெச்சுப் பாத்தவரு நீங்கதான? உங்க பேரப் போடுங்க."

போட்டேன். கலியமூர்த்தி. கடைசி எழுத்தில் மை சிந்திவிட்டது.

12-2-1971, வெள்ளி

வீரம்மாள் பிராது கட்டிவிட்டு வந்தாளாம். வழியில் பார்த்தாள். "அங்க ஒருத்தரு சீட்ட சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு சாரு. யாரும்மா எழுதுனது, எழுத்து கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்குதுன்னாரு."

யாராவது என் எழுத்தைப் பாராட்டினால் நான் ஒரு வாரம் அதையே பேசுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறு நாள் என்றால் சித்திரைக் கடைசி.

14-2-1971, ஞாயிறு

கமலம் வாசலில் சாக்கை விரித்து மிளகாய் காயவைத்திருந்தாள். வாசுகி பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள் மிளகாயை ஒதுக்கி ஒதுக்கிச் சாக்கின் எழுத்தைப் படித்தாள்.

"சைனா கிளே. பெரிப்பா, இது உங்க பேக்டரி மண்ணு சாக்குதான? பீங்கான் மண்ணு?"

"ஆமா."

"வீரம்மா சாக்குலயும் இதே நீல எழுத்துதான் இருந்துச்சுன்னு அப்பா சொல்லுச்சு."

கமலம் மிளகாயைக் கிளறிக்கொண்டே, யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "இருக்கும். உங்க பெரிப்பா ரெண்டு சாக்கு கொண்ணாந்தாரு. ஒண்ணு உங்கம்மாகிட்ட குடுத்தேன், அவதான் வீரம்மாகிட்ட குடுத்திருப்பா..."

அத்தோடு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். வாசுகியும் பார்த்தாள்.

"அப்ப நீங்க யூரியான்னு எப்படி பெரிப்பா படிச்சீங்க?"

தினம் நூறு சாக்கு என் முன்னால் போகிறது. அந்த எழுத்தை நான் ஒரு நாளும் நேராகப் பார்த்ததில்லை. யாராவது படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று வேறு பக்கம் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. இன்றைக்குப் பார்த்தேன். முதல் எழுத்து பிறை நிலா. அடுத்தது ஏணி. கடைசியில் ஒரு கவட்டைக் குச்சி. பிறையும் ஏணியும் யூரியாவில் உண்டா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?

"அன்னிக்குக் கண்ணாடி போடலம்மா" என்றேன்.

"நீங்க எப்ப பெரிப்பா கண்ணாடி போட்டீங்க?"

ராத்திரி சோற்றுக்குக் குழம்பு ஊற்றினாள் கமலம். ஒரு கல் உப்பு இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

18-2-1971, வியாழன்

பேக்டரி வாட்ச்மேனின் பழைய கண்ணாடியை வாங்கிப் போட்டிருக்கிறேன். ரோடு மேலே வருகிறது. வாசற்படி இருக்கிற இடத்தில் இல்லை. ஒரு ஊறுகாய் ஜாடியில் இடித்துக்கொண்டேன். நல்லவேளை, பழுதென்று ஒதுக்கின செகண்ட்ஸ் ஜாடி.

21-2-1971, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

கண்ணாடியோடு கடைக்குப் போனேன். எலெக்‌ஷன் ஜீப் ஒன்று மைக்கில் கத்திக்கொண்டு போனதால் ரோட்டில் நல்ல கூட்டம். கூட்டம் இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் பார்த்துப் போனேன். செய்வதைச் சபையில்தான் செய்ய வேண்டும். பழமலையும் டீக்கடையை விட்டு வந்து நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்குப் பாத்த சாக்கு உப்பு சாக்கு இல்ல. எங்க பேக்டரி பீங்கான் மண்ணு சாக்கு. என் வூட்லேருந்தே போன சாக்கு. இதக் கண்டுபிடிக்க நான் ஒரு மாசமா அலையாத எடம் இல்ல."

"அப்ப யூரியான்னு படிச்சது?" என்றான் ஒருவன்.

"கண்ணாடி இல்லாம படிச்சேன். இப்ப போட்டிருக்கேன், தெரியல?"

பழமலை என் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தான். "அது சரி சாரு. எழுத்துக்குக் கண்ணாடி இல்ல. நாக்குக்கும் கண்ணாடி வேணுமா?"

ரோடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு அந்தப் பேச்சு போயிற்று. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டத்தின் ஓரத்தில் வீரம்மாள் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

நடராசன் உள்ளே ஓடிப்போய் சிலேட்டை எடுத்துவந்து மாட்டினான். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, வேற யாருன்னா தப்பா படிச்சுட்டேன்னு பத்து பேரு முன்னால ஒத்துக்குவாங்களா? நீங்கதாண்ணே மூத்த மாப்ள. மொத எலை உங்களுதுதான், மாமாகிட்ட நானே சொல்றேன்."

அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

2-3-1971, செவ்வாய்

கத்தரிக்காய் வருகிறது. பாதிக் கூடைதான். நாலு பாத்தியில் ரெண்டுதானே மிச்சம். பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறதாம். இப்போதெல்லாம் வீரம்மாள் சாக்கில் கொண்டுவருவதில்லை. தலையில் கூடை வைத்து இரண்டு நடை நடக்கிறாள். மங்கலம்பேட்டை ரோட்டில் வெயில் ஏறுமுன் ஒரு நடை, ஏறின பிறகு ஒரு நடை.

கமலம் குழம்பில் உப்புப் போட ஆரம்பித்துவிட்டாள். பேச்சு இன்னும் அளவாகத்தான் இருக்கிறது.

14-3-1971, ஞாயிறு

வீரம்மாள் மறுபடியும் வந்தாள். பிடுங்கின பாத்தியில் வெள்ளரி போட்டிருக்கிறாளாம். பிஞ்சு விட்டிருக்கிறது என்றாள். அவள் கேட்டது இது:

"பிராத வாபஸ் வாங்கணும் சாரு. யாரும் உப்புக் கொட்டலன்னு ஆயிடுச்சே. குத்தம் இல்லாதவங்க மேல பிராது இருந்தா அது எனக்குத்தான் திரும்பும். நீங்கதான் எழுதித் தரணும்."

பேப்பர் எடுத்தேன்.

"ஆனா ஒண்ணு சாரு. எழுத்து தப்பாப் படிச்சீங்க, சரி. எனக்கும் எழுத்து தெரியாது, அதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நாக்குல வெச்சீங்களே. கரிச்சுதுன்னு துப்புனீங்களே. அது மண்ணுன்னா ஏன் கரிச்சுது? அது தெரியாமத்தான் நான் அந்தச் சாக்கத் தொட மாட்டேங்குறேன். மூணு தபா தொவைச்சுட்டேன். வேலில தொங்குது."

வாயில் அப்போது வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு அதிகம் என்று சொல்லலாமா? வேர்வை கரித்திருக்கும் என்று? மூன்று பதில் வந்தது. மூன்றும் நல்ல பதில்கள். டீக்கடையில் சொல்லியிருந்தால் கைதட்டுவார்கள்.

அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். கையில் கீறல் ஆறி, கோடு கோடாக வெள்ளையாக இருந்தது.

மூன்றையும் விட்டுவிட்டு எழுதினேன். நாலே வரி. ஜோடனை இல்லாமல் நான் எழுதின முதல் நாலு வரி. மடித்துக் கொடுத்தேன்.

"என்னா சாரு எழுதியிருக்கீங்க?"

"எல்லாம் எழுதியிருக்கேம்மா. நீ கேட்டதுக்கும் அதுல இருக்குது. அங்க சத்தமாப் படிச்சுக் காட்டுவாருல்ல, கேட்டுக்க."

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் போகிறாள்.

15-3-1971, திங்கள்

பேக்டரியில் இரண்டு கப்பு உடைத்தேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. சூப்ரவைசர் திட்டினார். (நான் சூப்ரவைசர் இல்லை.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கமலம் சொன்னாள். "வீரம்மா வந்துட்டுப் போச்சு."

"என்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. வேலில தொங்குன சாக்க எடுத்து அதுல காய் போட்டுக் கொண்ணாந்திருந்துது. நாலு வெள்ளரிப் பிஞ்சு நமக்குன்னு வெச்சுது. போவும்போது, 'சாரு வந்தா உப்புத் தொட்டுக்கச் சொல்லுங்க'ன்னுச்சு. என்னாங்க அது? வெள்ளரிப் பிஞ்சுக்கு உப்புத் தொட்டுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொல்லைப்படியில் உட்கார்ந்தேன். பிஞ்சு விரல் நீளம்தான். மேலே மெல்லிய சுணை. கடித்தால் முழுக்கத் தண்ணீர், நேற்று மழை பெய்த மாதிரி. முதல் கடி உப்பில்லாமல். அடுத்த கடி, சொன்னபடி, உப்புத் தொட்டு.

கரித்தது. இதுதான் கரிப்பு.

நான் படித்தது அஞ்சாவது பாதி வரைக்கும். இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அதோடு நின்றிருந்தால் தெரியாமல் செய்தது என்று போயிருக்கும். ஆனால் பதினெட்டு வருஷம் பீங்கான் மண்ணில் புழங்கின விரல் இது. அன்றைக்குச் சாக்கின் தையலைத் தொட்ட உடனேயே அதற்குத் தெரிந்துவிட்டது. மாவு மாதிரி இருந்தது. நாக்கில் வைத்தேன்.

கரிக்கவில்லை.